சிரிக்க வைக்கும் கடற்கொள்ளையர்: ஆங்கிலச் சிறுவர் கவிதையின் ஒரு நகைச்சுவை மரபு

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் கடற்கொள்ளையரைக் கேலிக்குரிய பாத்திரங்களாக வைத்து எழுதப்பட்ட கதைப்பாடல்களும் சிறு கவிதைகளும் தனியொரு மரபாக வளர்ந்துள்ளன. மரக்கால், கண்மறைப்பு, கை இருந்த இடத்தில் கொக்கி, தோளில் கிளி, பல்லிடுக்கில் கடித்த வாள் ஆகியவை இம்மரபின் நிலையான அடையாளங்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் (1850–1894), டி. எஸ். எலியட் (1888–1965), ஆக்டன் நாஷ் (1902–1971), ஷெல் சில்வர்ஸ்டீன் (1930–1999) ஆகியோர் இவ்வகையில் எழுதியோருள் குறிப்பிடத்தக்கவர்கள். நாஷின் 'தி டேல் ஆஃப் கஸ்டர்ட் தி டிராகன்' என்னும் கவிதை இந்தியாவில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'ஃபர்ஸ்ட் ஃபிளைட்' நூலில் இடம்பெற்றதால், தமிழ் மாணவர் பலருக்கும் அறிமுகமானது.

கொலையும் கொள்ளையும் செய்தவர்கள் எவ்வாறு குழந்தைகளின் சிரிப்புக்குரியவர் ஆனார்கள், அந்தச் சிரிப்பு எதை எளிதாக்குகிறது, எதை மறைக்கிறது என்பவை இம்மரபை வாசிப்போர் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகள். எல்லாக் கவிதைகளும் இவற்றுக்கு ஒரே விடையைத் தருவதில்லை. அவற்றின் தரமும் பெரும்பாலும் அந்த விடையைப் பொறுத்தே அமைகிறது.

வரலாற்றுக் கொள்ளையர்

ஆங்கிலக் கவிதைகளில் வரும் கொள்ளையர் உருவம் ஏறத்தாழ 1690 முதல் 1730 வரை அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளில் இயங்கிய கொள்ளையரிடமிருந்து பிறந்தது. அவர்களைப் பற்றிய கதைகளுக்கு முதன்மையான ஊற்று, 1724-இல் லண்டனில் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாற்று நூலாகும். அந்நூல் தரும் செய்திகள் சில வியப்பூட்டுபவை. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்பவரின் கப்பலில் இருந்த எழுத்து உடன்படிக்கைப்படி, சண்டையில் கை கால் இழந்தவருக்குப் பொது நிதியிலிருந்து 800 டாலர் இழப்பீடு தரப்பட வேண்டும். மரக்கால் கொள்ளையன் என்னும் வேடிக்கை உருவத்துக்குப் பின்னால் இப்படியொரு தொழிலாளர் வாழ்க்கை இருந்தது.

அதே வரலாற்றில் சிரிக்க முடியாத பக்கங்களும் உள்ளன. 1695-இல் ஹென்றி எவரி என்பவரின் கூட்டம் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைப் பிடித்தது. மெக்கா பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருந்தனர். ஆண்கள் சித்திரவதை செய்யப்பட்டனர். பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 1698-இல் வில்லியம் கிட் என்பவர் துணி, அபின், சர்க்கரை முதலிய சரக்குகளுடன் வந்த 'குவெடா மெர்ச்சண்ட்' கப்பலை மலபார்க் கரைக்கு அப்பால் கைப்பற்றினார். 1701-இல் லண்டனின் வாப்பிங் பகுதியில் தேம்ஸ் ஆற்றங்கரையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிளாக்பியர்ட் எனப்பட்ட எட்வர்ட் டீச் தன் தலைமைக் கப்பலாக வைத்திருந்தது, 1717-இல் அவர் கைப்பற்றிய ஒரு பிரெஞ்சு அடிமை வணிகக் கப்பல். குழந்தைகளுக்கான கவிதைகளில் பிளாக்பியர்டின் கறுப்புத் தாடி மட்டும் நிலைத்தது. அக்கப்பலில் இருந்த மனிதர்கள் அங்கு இடம்பெறவில்லை.

இன்று அனைவருக்கும் தெரிந்த கொள்ளையர் தோற்றம் பிற்காலத்தது. 1883-இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' புதினம் ஒற்றைக்கால் சமையற்காரன் ஜான் சில்வரையும் அவனது கிளியையும் தந்தது. அமெரிக்க ஓவியர் ஹோவர்ட் பைல் (1853–1911) தலைத்துணி, இடைக்கச்சை ஆகியவற்றுடன் வரைந்த படங்கள் உடையை முடிவு செய்தன. கப்பலின் விளிம்பிலிருந்து நீட்டிய பலகையில் கைதியை நடக்கவைத்துக் கடலில் தள்ளும் காட்சி, வரலாற்றுப் பதிவுகளில் மிக அரிதாகவும் கதைகளிலும் ஓவியங்களிலும் மிகுதியாகவும் காணப்படுவது. 1904-இல் மேடையேறிய ஜே. எம். பாரியின் 'பீட்டர் பேன்' நாடகம், கொக்கிக் கையுடைய கேப்டன் ஹுக்கை முதலைக்கு அஞ்சி நடுங்குபவனாகக் காட்டியது. கொள்ளையன் பயமுறுத்துபவன் என்ற நிலையிலிருந்து பயப்படுபவன் என்ற நிலைக்கு இறங்கினான். நகைச்சுவைக் கவிஞர்களுக்கு அதுவே வாசலாக அமைந்தது.

விளையாட்டாகக் கொள்ளை: ஸ்டீவன்சன்

இம்மரபின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக ஸ்டீவன்சனின் 'பைரேட் ஸ்டோரி' என்னும் சிறு கவிதையைக் கொள்ளலாம். 1885-இல் வெளிவந்த 'எ சைல்ட்ஸ் கார்டன் ஆஃப் வெர்சஸ்' தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது. மூன்று குழந்தைகள் புல்வெளியில் ஒரு கூடைக்குள் அமர்ந்து அதைக் கப்பலாகப் பாவிக்கின்றனர். காற்றில் அசையும் புல் அவர்களுக்குக் கடல் அலை. எங்கே போகலாம் என்று அவர்கள் எண்ணும் இடங்களில் ஆப்பிரிக்காவும் பாபிலோனும் மலபாரும் உண்டு. மாடுகள் துரத்திவர, எதிரிக் கப்பற்படை வந்துவிட்டதென்று ஓடித் தோட்டத்துக்குள் நுழைந்து தப்புகின்றனர்.

இங்கே கொள்ளையன் என்று ஒருவன் தனியாக இல்லை, குழந்தைகளே கொள்ளையர். யாரையும் கொள்ளையடிக்கவும் இல்லை. நகைச்சுவை முழுவதும் அளவு வேறுபாட்டிலிருந்து வருகிறது. கடல் புல்வெளியாகிறது, கப்பல் கூடையாகிறது, போர்க்கப்பல்கள் மாடுகளாகின்றன. கவிஞர் குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்பது இக்கவிதையின் பெரிய பலம். 'பாவனை' என்ற சொல்லுக்கே இடமில்லாமல், குழந்தை பேசும் தன்மையிலேயே எல்லாம் சொல்லப்படுகிறது. மாடு என்று தெரிந்துகொண்டே கடற்படை என்று ஓடும் இரட்டை அறிவு குழந்தைக்கு இயல்பானது. ஸ்டீவன்சன் அதை மதிக்கிறார்.

மலபார் என்ற பெயர் மட்டும் இந்திய வாசகரைச் சற்று நிறுத்தக்கூடும். ஆங்கிலக் குழந்தைக்கு அது தொலைவின் இனிய ஓசை. கிட் போன்றோரின் கொள்ளைக்கு உள்ளான வணிகர்களுக்கு அது நிஜமான கடல். கவிதை அந்த வரலாற்றை மறுக்கவில்லை, தொடவும் இல்லை. ஒரு பேரரசின் குழந்தைகள் உலக வரைபடத்தை விளையாட்டுத் திடலாகக் காண முடிந்த காலத்தின் தடயம் அந்த ஒற்றைச் சொல்லில் தங்கியிருக்கிறது.

ஓசையின் வேடிக்கை: மெய்க்ஸ்

மில்ட்ரெட் ப்ளூ மெய்க்ஸ் எழுதிய 'தி பைரேட் டான் டர்க் ஆஃப் டவுடி' 1920-களில் அமெரிக்கச் சிறுவர் இதழ் வழியாகப் புகழ்பெற்ற கவிதை. இதன் நாயகன் மனச்சாட்சியில் கறுத்தவன். ஆனால் அவன் தொப்பியில் ஆடும் இறகு அழகானது. கவிதை முழுவதும் தலைவனின் உடைமைகளை அடுக்கிச் செல்கிறது. அகராதியில் இல்லாத சொற்களும் இடையிடையே புகுத்தப்படுகின்றன. ஒவ்வொரு முறை தீமை பேசப்படும்போதும் அடுத்த அடி ஒரு அலங்காரத்தைக் காட்டித் தப்பிவிடுகிறது.

உரத்து வாசிப்பதற்கு இது மிகச் சிறந்த கவிதை. பள்ளிகளில் ஒப்புவிக்கப்படும் கவிதைகளில் இது நீடித்ததற்கு அதன் துள்ளும் சந்தமே காரணம் எனலாம். அதே நேரம், இதில் எதுவும் நிகழ்வதில்லை. கொள்ளையன் உடுத்தி நிற்கிறான். யாரும் அவனை எதிர்கொள்வதில்லை. அவனும் எதையும் இழப்பதில்லை. தீமை வெறும் உடையாகிவிட்டபின் சிரிப்புக்கு எதிர்ப்பு ஏதும் இல்லை. ஓசை முடிந்தவுடன் கவிதையும் முடிந்துவிடுகிறது.

அச்சமும் வீரமும்: நாஷின் கஸ்டர்ட்

1936-இல் வெளிவந்த 'தி டேல் ஆஃப் கஸ்டர்ட் தி டிராகன்' இம்மரபின் மிக முழுமையான படைப்பு. பெலிண்டா என்ற சிறுமி ஒரு சிறு வெள்ளை வீட்டில் வாழ்கிறாள். இங்க் என்ற பூனைக்குட்டி, பிளிங்க் என்ற எலி, மஸ்டர்ட் என்ற நாய், கஸ்டர்ட் என்ற டிராகன் ஆகியவை அவளுடன் உள்ளன. டிராகனைத் தவிர மற்ற அனைவரும் தங்கள் வீரத்தைப் பற்றிப் பெருமை பேசுகின்றனர். கூரிய பற்களும் நெருப்பு மூச்சும் உடைய டிராகனோ பாதுகாப்பான கூண்டு ஒன்று வேண்டுமென்று அழுகிறது. எல்லோரும் அதைக் கேலி செய்கின்றனர். ஒரு நாள் இரு கைகளிலும் துப்பாக்கியும் பல்லில் வாளுமாக ஒரு கொள்ளையன் சன்னல் வழியே ஏறி வருகிறான். வீரர்கள் அனைவரும் ஓடி ஒளிய, டிராகன் பாய்ந்து அவனை விழுங்கிவிடுகிறது.

வகுப்பறைகளில் இக்கவிதைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கருத்து ஒன்றுண்டு: பெருமை பேசுவோர் கோழைகள், உண்மையான வீரம் ஆபத்தில்தான் வெளிப்படும் என்பது. இது பிழையான கருத்து அல்ல. ஆனால் கவிதையின் பாதியை மட்டுமே விளக்குகிறது. நாஷ் கொள்ளையனின் சாவோடு கவிதையை முடிக்கவில்லை. ஆபத்து நீங்கியதும் நாய் முதலில் வாய் திறக்கிறது: தான் பதறாமல் இருந்திருந்தால் இரு மடங்கு வீரம் காட்டியிருக்குமாம். பூனையும் எலியும் மூன்று மடங்கு என்கின்றன. டிராகன் இதை மறுப்பதில்லை. எல்லோரும் தன்னைவிட வீரமானவர்களே என்று ஒப்புக்கொள்கிறது. அதன்பின் கவிதை தொடக்கத்திற்கே திரும்பி, அதே வீட்டையும் அதே பெருமைகளையும் அதே அழுகையையும் காட்டி முடிகிறது.

நீதிக்கதையாக இருந்திருந்தால் பெருமை பேசியவர்கள் வெட்கித் தலைகுனிந்திருப்பார்கள்; டிராகன் மாலையிட்டு மதிக்கப்பட்டிருக்கும். நாஷ் அவ்விரண்டையும் தரவில்லை. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே அவரது நகைச்சுவையின் மையம். அதிலிருந்தே கவிதையின் கூர்மையான சிந்தனையும் எழுகிறது. கஸ்டர்ட் அச்சமற்றதாக மாறவில்லை. அது முன்பும் பயந்தது, பின்பும் பயந்தது. இடையில் செய்ய வேண்டியதைச் செய்தது. வீரம் ஒருவரின் நிலையான குணம் என்றும், அதைப் பட்டமாக அணிந்துகொள்ளலாம் என்றும் மற்றவர்கள் நம்புகின்றனர். டிராகனுக்கு அது ஒரு கணத்தின் செயல் மட்டுமே.

எளிதில் கவனத்தில் தங்காத இன்னொரு நுட்பமும் இதில் உள்ளது. டிராகனைக் கண்ட கொள்ளையன் முதலில் தன் சட்டைப் பையிலிருந்த குடுவையை எடுத்துச் சாராயத்தை விழுங்குகிறான். பின்னரே சுடுகிறான், குறி தப்புகிறது. அவனும் அஞ்சியவன்தான், துணிவைக் குடுவையில் வைத்திருப்பவன். ஆகவே இக்கவிதையில் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. பெலிண்டாவும் செல்லப்பிராணிகளும் பயத்தைப் பெருமையால் மூடுகின்றனர். கொள்ளையன் ஆயுதத்தாலும் மதுவாலும் மூடுகிறான். தன் பயத்தை வெளிப்படையாகச் சொல்லும் ஒரே உயிர் கஸ்டர்ட். செயல்பட முடிவதும் அதற்கு மட்டுமே. இருட்டுக்கும் புதியவர்களுக்கும் அஞ்சும் ஒரு குழந்தைக்கு இதைவிட ஆறுதலான செய்தி இருக்க முடியாது. பயப்படாதே என்று எவரும் அக்குழந்தைக்கு அறிவுரை சொல்லாமலே அந்த ஆறுதல் கிடைக்கிறது.

நாஷின் மொழிக்கையாளலும் இதற்குத் துணைநிற்கிறது. தமிழ் யாப்பில் எதுகையும் மோனையும் சிறப்பிடம் பெறுவதைப்போல ஆங்கிலக் கதைப்பாடலில் அடியின் இறுதியில் வரும் இயைபு முதன்மை பெறுகிறது. இறுதி ஓசைக்காகச் செவி காத்திருப்பதால், அங்கே எதிர்பாராத சொல் வந்தால் சிரிப்பு வெடிக்கிறது. நாஷ் இதற்காகச் சொற்களை வளைப்பவர். எலி தன் வளைக்குள் ஓடியதைச் சொல்ல, எலிவளை என்னும் பெயர்ச்சொல்லையே வினையாக மாற்றி இயைபை முடிக்கிறார். மை என்று பொருள்படும் பெயருடைய பூனை, வீட்டின் அடித்தளத்துக்கு வழிந்தோடுவதாகக் கூறுகிறார். வீரக் கதைப்பாடலின் கம்பீரமான நடையில் கடுகும் கஸ்டர்டும் எலியும் பேசப்படுவது தனி வேடிக்கை. மொழிபெயர்ப்பில் கதை வந்துவிடும். இந்த இயைபு விளையாட்டு வராது. தமிழில் இதைத் தர முயல்வோர் அடியிறுதியை விட்டு எதுகையில் வேடிக்கையைத் தேடுவதே பொருத்தமாகும்.

கறை படிந்த சிரிப்பு: எலியட்

1939-இல் வெளிவந்த எலியட்டின் 'ஓல்ட் பாஸம்ஸ் புக் ஆஃப் பிராக்டிகல் கேட்ஸ்' பூனைகளைப் பற்றிய நகைச்சுவைக் கவிதைகளின் தொகுப்பு. 1981-இல் 'கேட்ஸ்' இசை நாடகமாக இது உலகப் புகழ் பெற்றது. அதிலுள்ள 'க்ரௌல்டைகர்ஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்' கவிதையின் நாயகன், தேம்ஸ் ஆற்றில் சரக்குப் படகொன்றில் வாழும் கொள்ளைக்காரப் பூனை. ஒரு கண்ணையும் ஒரு காதின் பகுதியையும் இழந்தவன். நிலவொளி வீசும் இரவில் அவன் காதலில் மயங்கியிருக்க, சயாமியப் பூனைகள் படகுகளில் வந்து சூழ்கின்றன. பலரைப் பலகையில் நடக்கவைத்தவன் இறுதியில் தானே அப்பலகையில் நடந்து ஆற்றில் விழுகிறான். ஆற்றங்கரை ஊர்களில் கொண்டாட்டம் நடக்கிறது. கிட் தூக்கிலிடப்பட்ட அதே வாப்பிங்கும் அவ்வூர்களில் ஒன்று.

கட்டமைப்பில் இது நாஷின் கவிதையைவிடச் செறிவானது. கொடியவன் காதலில் கரையும் தருணத்தில் அவனது அழிவு நெருங்குவதும், அவனது தண்டனை முறையே அவனுக்குத் தண்டனையாவதும் கதைப்பாடல் மரபை முழுமையாக அறிந்தவரின் கைவண்ணம். க்ரௌல்டைகரின் அயலார் வெறுப்பைக் கவிதை கேலிக்குள்ளாக்குகிறது என்றும், அவ்வெறுப்புக்கு உரிய விலையை அவன் கொடுக்கிறான் என்றும் ஆதரவாக வாதிடலாம்.

ஆனால் அந்த வாதம் முழுமையாக நிற்பதில்லை. வெறுப்புச் சொற்கள் க்ரௌல்டைகரின் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. கதை சொல்லும் குரலே படையெடுத்து வரும் ஆசியப் பூனைகளைக் குறிக்கச் சீன மக்களை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துகிறது. சயாமையும் சீனாவையும் அக்குரல் வேறுபடுத்திப் பார்ப்பதும் இல்லை. பாத்திரத்தின் வெறுப்பைக் கவிஞர் கேலி செய்யலாம். சொல்பவரின் குரலே அதைப் பகிர்ந்துகொள்ளும்போது கேலிக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. வகுப்பில் இக்கவிதையை உரத்து வாசிக்கும் ஆசிரியர் அந்த இடத்தில் தயங்க நேர்வதே கவிதையின் மீதான தீர்ப்பு. பூனைகளைப் பற்றியது, குழந்தைகளுக்கானது என்ற சமாதானம் குற்றத்தைக் குறைப்பதில்லை. சிரித்துக்கொண்டே கற்கும் சொல் எளிதில் மறப்பதில்லை என்பதால் அதன் தாக்கம் கூடுகிறது.

உடலும் கேலியும்: சில்வர்ஸ்டீன்

மரக்காலும் கொக்கியும் இம்மரபில் தீமையின் அடையாளமாகவே பெரிதும் வருகின்றன. உடலில் குறையுள்ளவரைக் கண்டு குழந்தை அஞ்சவும் சிரிக்கவும் இக்கவிதைகள் பழக்குகின்றனவா என்ற கேள்வி நியாயமானது. இங்கு நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஜான் சில்வர் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர், நோயால் ஒரு காலை இழந்த கவிஞர் டபிள்யூ. இ. ஹென்லி (1849–1903). தன் நண்பரான அவரது உடல் இழப்பையும் மீறிய ஆளுமை வலிமையே சில்வரை உருவாக்கியது என்று ஸ்டீவன்சன் அவருக்கே எழுதினார். மூலத்தில் மரியாதையாக இருந்தது, பின்வந்த நூற்றுக்கணக்கான நகல்களில் வெறும் வேடமாகச் சுருங்கியது.

சில்வர்ஸ்டீனின் 'கேப்டன் ஹுக்' இந்த வேடத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. 1974-இல் வந்த 'வேர் தி சைட்வாக் எண்ட்ஸ்' தொகுப்பிலுள்ள இச்சிறு கவிதை, கொக்கிக் கையுடைய ஒருவர் அன்றாடம் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. கால்விரலைச் சொறிவது, மூக்கில் விரலிடுவது, கைகுலுக்குவது, தேநீர் ஊற்றுவது, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது என அப்பட்டியல் நீள்கிறது. கொலைகாரனின் ஆயுதம் ஒரு வீட்டுத் தொல்லையாக மாறுகிறது. ஹுக் புத்தகம் வாசிப்பவன், தேநீர் அருந்துபவன் என்பதும் போகிறபோக்கில் தெரிந்துவிடுகிறது.

இன்னொருவரின் உடலுக்குள் நின்று உலகைப் பார்க்கும் பயிற்சியை இது குழந்தைக்குத் தருகிறது. ஆனால் நல்லவேளை நான் ஹுக் இல்லை என்ற நிம்மதியோடு கவிதை முடிந்துவிடுகிறது. அந்த முடிவு சிரிப்பைத் தருகிறது. திறந்த கதவை மூடியும் விடுகிறது. பட்டியலோடு நின்றிருந்தால் கவிதை இன்னும் தொலைவு சென்றிருக்கும்.

மதிப்பீடு

கடற்கொள்ளையர் நகைச்சுவைக் கவிதைகள் குழந்தைகளுக்கு வன்முறையைப் பழக்குகின்றன என்று ஒரு குற்றச்சாட்டு எழுவதுண்டு. கஸ்டர்ட் கொள்ளையனை முழுதாக விழுங்கியபின் அவனுக்காக யாரும் அழுவதில்லை என்பது உண்மை. ஆயினும் அக்கொள்ளையனுக்குப் பெயரில்லை, பேச்சில்லை, ஊரில்லை. அவன் அச்சத்துக்கு அணிவித்த ஒரு சட்டை. குழந்தை அழிக்கக் காண்பது ஒரு மனிதனை அல்ல, தன் படுக்கையறைச் சன்னலில் தானே கற்பனை செய்துகொண்ட ஆபத்தை. கொள்ளையனுக்கு ஓர் இனத்தையோ நாட்டையோ சூட்டும்போது இந்த நியாயம் செல்லாது. நாஷுக்கும் எலியட்டுக்கும் இடையேயான எல்லைக்கோடு இங்கேதான் விழுகிறது.

கவிதையின் கொள்ளையரும் வரலாற்றின் கொள்ளையரும் வேறு வேறானவர்கள் என்பதை உரிய வயதில் மாணவர் அறிவது அவசியம். கஞ்ச்-இ-சவாய் கப்பலில் இருந்தவர்களின் கதையை ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லாமல் விடுவதற்குக் காரணமும் இல்லை. வரலாற்றுப் பாடமும் ஆங்கிலப் பாடமும் சந்திக்கும் அரிய இடம் அது. அவ்வாறு அறிந்தபின்னும் கஸ்டர்டைப் படித்துச் சிரிக்க முடியும். நாஷின் சிரிப்பு கொள்ளையரின் பெருமையை நம்பி எழுந்ததன்று. வீரம் பேசும் எல்லோரையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

இம்மரபில் காலத்தைக் கடந்து நிற்பவை, சிரிப்பை வலியவரின் பக்கம் திருப்பிய கவிதைகளே. ஸ்டீவன்சன் பெரியவர்களின் கடலைக் குழந்தைகளின் கூடைக்குள் அடக்கினார். நாஷ், வீரம் என்று கொண்டாடப்படுவதன் பெரும்பகுதி வாய்ச்சொல் என்று காட்டி, கூண்டுக்காக அழும் ஒரு டிராகனிடம் கதையை ஒப்படைத்தார். மெய்க்ஸின் ஓசை இனியது. சில்வர்ஸ்டீனின் கற்பனை பாதி வழி வருகிறது. எலியட்டின் திறன் அதன் சொற்களாலேயே களங்கப்படுகிறது. பாடநூலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் கஸ்டர்டைத் தேர்ந்தது சரியான முடிவு. அதைக் கற்பிக்கும்போது கொள்ளையன் விழுங்கப்படும் இடத்தில் பாடத்தை நிறுத்தாமல், நாயும் பூனையும் மீண்டும் பெருமை பேசத் தொடங்கும் கடைசிப் பகுதி வரை சென்றால்தான் கவிதை முழுமையாக மாணவரைச் சேரும்.